நாற்பத்தெட்டு எண்கள்

தானாக நின்றுபோன லேப்டாப் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. இது மூச்சுக்காரரின் இருபத்தாறு வருட அனுபவம். ஆனால் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் வாய் கூசாமல் ஒரே வசனத்தைத்தான் ஒப்பிப்பார்கள். "ஒண்ணுமே பண்ணலைங்க, தானா நின்னுடுச்சு." அவர் மறுபேச்சுப் பேசாமல் அடிமூடியைக் கழற்றுவார். உள்ளே காய்ந்த டீ பிசுபிசுக்கும். யாரோ காலில் வயரைத் தட்டி இழுத்ததில் சார்ஜர் குத்துகிற இடம் ஆடுகிற பல்லைப் போல நிற்கும். ஒருமுறை முட்டையும் குட்டியுமாக ஓர் எறும்புக் குடித்தனமே இருந்தது. கொண்டுவந்தவர் பெரிய அதிகாரி. அவரும் தானாகத்தான் நின்றது என்றார்.

மூச்சுக்காரர் என்பது பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் வைத்த பெயர். அவருடைய மேசையில் ஒரு பழைய பவர் சப்ளை பெட்டி உண்டு. சார்ஜருக்குப் பதில் அதிலிருந்து மின்சாரம் கொடுத்தால், மெஷின் எவ்வளவு இழுக்கிறது என்று முகப்பில் இருக்கும் முள் காட்டிவிடும். முள் மயிரிழை அசைந்தால் போதும், "மூச்சு இருக்கு" என்பார். அசையாவிட்டால் "மூச்சு இல்ல." ஒரேயடியாக எகிறிப் போய் வலது ஓரத்தில் முட்டினால் உள்ளே எங்கோ ஷார்ட். அப்போது அவர் வாயிலிருந்து வருகிற வார்த்தையை இங்கே எழுத முடியாது.

கடை என்றால் ஒரு நாலு மாடிக் கட்டிடத்தின் படிக்கட்டுக்கு அடியில் கிடைத்த முக்கோண இடம். நிமிர்ந்தால் தலை இடிக்கும். தலைக்கு மேலே நாள் முழுக்க யாராவது ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருப்பார்கள். அங்கே குனிந்து குனிந்து, தெருவிலும் குனிந்தபடி நடக்கிற பழக்கம் வந்துவிட்டது. "வானம் இடிக்காதுங்க, நிமிந்து நடங்க" என்பாள் மனைவி. அவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுக்கிறவள். ஊரார் மெஷினுக்கெல்லாம் உயிர் கொடுக்கிறவர் வீட்டில் தண்ணீர் மோட்டார் மூன்று மாதமாகச் செத்துக் கிடக்கிறது என்பது அவளுடைய நிரந்தரப் புகார். புகாரில் நியாயம் இல்லாமல் இல்லை.

அவரிடம் ஒரு சின்னப் பெருமை இருந்தது. வேலை முடிந்ததும் பட்டனைத் தான் அழுத்த மாட்டார். மெஷினுக்குச் சொந்தக்காரரைக் கூப்பிட்டு அழுத்தச் சொல்வார். விளக்கு எரிந்ததும் அவர்கள் முகம் மலர்வதை ஓரக்கண்ணால் பார்ப்பார், பார்க்காதவர் மாதிரி ஸ்க்ரூ பொறுக்குவார். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் மனிதர் அந்தப் பொந்தில் கிடந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

ஒரு சின்ன அழுக்கும் இருந்தது. இந்தத் தொழிலில் எல்லோரிடமும் இருக்கிற அழுக்குதான். கை தவறி எதையாவது உடைத்துவிட்டால், "ஏற்கெனவே இப்படித்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிடுவது. உள்ளே என்ன இருந்தது என்று வாடிக்கையாளருக்குத் தெரியவா போகிறது? நம்பிவிடுவார்கள். அவர் இதை அடிக்கடி செய்தவரில்லை. இத்தனை வருடத்தில் நாலைந்து தடவை இருக்கும். எல்லாம் ஒரு மூடியின் கொக்கி, ஒரு ஸ்பீக்கர் வயர், அந்த அளவுதான்.

அந்த வியாழக்கிழமை காலை, ஷட்டரைத் தூக்கும்போதே அவள் நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். ஒரு துணிப்பையை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்திருந்தாள்.

"அண்ணா, திங்கக்கிழமை பத்து மணிக்கு விசாரணை. அதுக்குள்ள இது எழுந்திருக்கணும்."

என்ன விசாரணை என்று அவர் கேட்கவேண்டியிருக்கவில்லை. காகித ஆலையில் பாய்லர் வெடித்து ஆறு வாரம் ஆகியிருந்தது. மூன்று பேர் போனார்கள். இரண்டு பேர் இளவட்டம். மூன்றாமவர் பாய்லரைக் கவனித்துக்கொண்டவர், இவளுடைய கணவர். பாய்லரில் அழுத்தம் மிஞ்சினால் தானாகத் திறந்து ஆவியை வெளியே விட ஒரு வால்வு உண்டாம். அடிக்கடி அது திறந்து வேலை கெடுகிறதே என்று இவர்தான் அதைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார் என்று ஆலை நிர்வாகம் சொல்லிவிட்டது. செத்தவர் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப் போவதில்லை அல்லவா.

"அவரு மூணு லெட்டர் எழுதினாருண்ணா. வால்வு இறுகிப் போச்சு, மாத்துங்கன்னு. போட்டோவும் எடுத்து வச்சிருந்தாரு. லெட்டரைக் கையில குடுத்தேன், வாங்கி வச்சுக்கிட்டாங்க, மாத்த மாட்டேங்கறாங்கன்னு என்கிட்டச் சொல்லிப் புலம்பினாரு. இப்ப அவங்க, லெட்டரே வரலைங்கறாங்க. போன் அவரோடயே எரிஞ்சு போச்சு. எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு."

ஆலைத் தொழிலாளர் வரிசை வீடுகளில்தான் அவள் குடியிருந்தாள். செத்த இளைஞர்களில் ஒருவனுடைய அம்மா எதிர்வீடு. இவள் தலை வாசலில் தெரிந்தால் காறித் துப்பிவிட்டுக் கதவைச் சாத்துகிறாளாம். தையல் யூனிட்டில் காஜா எடுக்கும் வேலை இவளுக்கு. அங்கே பக்கத்தில் யாரும் உட்காராததால் போவதை நிறுத்திவிட்டாள். இதையெல்லாம் அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. ஸ்க்ரூ கணக்குச் சொல்வது மாதிரி சொன்னாள். மூச்சுக்காரருக்கு அதுதான் தாங்கவில்லை.

"வச்சிட்டுப் போங்கம்மா, பாத்து வைக்கறேன்."

"வைக்க மாட்டேண்ணா. ஆலையிலேர்ந்து ரெண்டு தடவை வந்து கேட்டுட்டாங்க. ஆபீஸ் விவரம் இருக்கு, திருப்பிக் குடுன்னு. இது அவரு சொந்தமா வாங்கினது. நான் இங்கயே உக்காந்துக்கறேன். சாயங்காலம் எடுத்துட்டுப் போயிடறேன்."

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால், என் மேல் நம்பிக்கை இல்லாவிட்டால் நடையைக் கட்டுங்கள் என்றிருப்பார். இவளுக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். மூன்று நாளும் காலையில் பிரிப்பதும், மாலையில் பதினொரு ஸ்க்ரூவையும் முடுக்கி அவள் பையில் வைப்பதுமாக நாளுக்கு ஒரு மணி நேரம் அதிலேயே போனது. அவள் சும்மா உட்காரவில்லை. அவர் கழற்றிப் போடுகிற ஸ்க்ரூவை நீளவாரியாகப் பிரித்து, ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்தாள். ஊசிநூலில் பழகிய கை, ஒன்றுகூட உருண்டு ஓடவில்லை.

முதல் நாள் பெட்டியிலிருந்து மின்சாரம் கொடுத்ததும் முள் எகிறிப் போய் வலது ஓரத்தில் முட்டியது. ஷார்ட். வழக்கமான வார்த்தை தொண்டை வரை வந்தது, அவளைப் பார்த்து விழுங்கிக்கொண்டார்.

ஷார்ட்டைத் தேடுவதற்கு முன் ஒரு குறுக்குவழி பார்த்தார். டிஸ்க்கை மட்டும் கழற்றித் தன் மெஷினில் மாட்டினார். மாட்டியதும் பூட்டுப் படம் வந்தது.

"இப்ப வர்ற மெஷினெல்லாம் வாங்கின அன்னிக்கே தன் டிஸ்க்கைத் தானே பூட்டிக்கும்மா. நம்மகிட்ட ஒரு வார்த்தை கேக்கறதுகூட இல்ல. சாவி இந்த மதர்போர்டுக்குள்ளயே இருக்கு. அதனால இதே போர்டு எழுந்தாத்தான் அதுவாத் திறக்கும். உள்ள இருக்கறது பத்திரமா இருக்கு, கவலைப்படாதீங்க." பிறகு யதார்த்தமாகக் கேட்பதுபோல், "புதுசா வாங்கினப்ப இதுல மெயில் கணக்கு திறந்து குடுத்தது யாரு?" என்றார்.

"விக்கிற கடையிலயே எதையோ தட்டிப் போட்டுக் குடுத்தாங்க. அந்தக் கடை இப்ப இல்லண்ணா. ஏன்?"

"ஒண்ணுமில்லம்மா."

ஒன்றுமில்லாமல் இல்லை. அந்தப் பூட்டுக்கு நாற்பத்தெட்டு எண்களில் ஒரு மாற்றுச் சாவி உண்டு. மெஷின் அதை அந்தக் கணக்குக்குத்தான் அனுப்பி வைக்கும். கடைக்காரர் அவசரத்தில் வாயில் வந்த பெயரில் திறந்த கணக்கை இனி யார் தேடுவது? ஆகவே இந்த போர்டை விட்டால் வேறு வழியில்லை என்று மூச்சுக்காரருக்கு முதல் நாளே தெரியும். நன்றாகவே தெரியும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவர் வைத்துக்கொள்ளவில்லை.

போர்டின் மேல் ஸ்பிரிட்டைத் துளித் துளியாக விட்டு, பெட்டியிலிருந்து கொஞ்சமாக மின்சாரம் கொடுத்தார். ஷார்ட்டான இடம் சுடும். சுடுகிற இடத்தில் ஸ்பிரிட் முதலில் காயும். சார்ஜர் துளைக்குப் பக்கத்தில் கடுகளவு கெப்பாசிட்டர் ஒன்று பளிச்சென்று காய்ந்து நின்றது. அதை மாற்றினார். மாலையாகிவிட்டது. முள் மெல்ல அசைந்தது.

"மூச்சு இருக்கும்மா" என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

வெள்ளிக்கிழமை விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, திரை மட்டும் கறுப்பு. மின்சாரம் வராத மெஷினைவிட இந்த மாதிரி மெஷின்தான் உயிரை எடுக்கும். வெளித்திரையை மாட்டிப் பார்த்தார், அதிலும் கறுப்பு. ராம் என்கிற மெமரித் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து இடம் மாற்றிப் போட்டார். பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பவர் பட்டனை முப்பது எண்ணும் வரை அழுத்திப் பிடித்தார். எதற்கும் அசையவில்லை. கடைசியில், முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டார்.

"கடைசியா நின்னப்ப திரையில என்ன இருந்துச்சு?"

அவள் தாளில் இருந்த ஸ்க்ரூ வரிசையை நேராக்கினாள். பிறகு சொன்னாள். "லெட்டர் வரலைன்னு அவங்க சொன்ன அன்னிக்குத்தான் இதை எடுத்தேன். பேட்டரி சுத்தமா நிக்காது, வயர் இருந்தாத்தான் ஓடும். போட்டதும் திரையில 'புதுப்பிச்சிட்டிருக்கேன், அணைக்காதீங்க'ன்னு ஏதோ வந்துச்சு. பாதியில கரண்ட் போயிடுச்சு. திரும்ப வந்தப்ப டப்புன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான்." அப்புறம் குரல் தாழ்ந்தது. "நான்தான் கெடுத்துட்டேனாண்ணா?"

"கரண்ட் போனா நீங்க என்னம்மா பண்ணுவீங்க? உங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றார். மனதாரச் சொன்னார். வெள்ளிக்கிழமை வரை அவர் நல்லவர்தான்.

நோய் இன்னதென்று பிடிபட்டுவிட்டது. போர்டில் எட்டுக் காலோடு ஒரு சிப் உண்டு. பட்டனை அழுத்தியதும் மெஷின் முதலில் படிக்கிற பாடம் அதில் இருக்கிறது. பயாஸ் என்பார்கள். அந்தப் பாடத்தைப் புதுப்பிக்கிற நேரத்தில் மின்சாரம் போயிருக்கிறது. பாதி புதுசு, பாதி பழசு. மெஷினுக்குத் தான் யாரென்றே தெரியவில்லை. புதுப் பாடத்தை எழுதிவிட்டால் எழுந்துவிடும்.

எழுதுவதற்கு முன்னால் ஒரு முறை இருக்கிறது. பழையது எவ்வளவு கெட்டுப்போயிருந்தாலும் அதை இரண்டு தடவை படித்து, இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று ஒத்துப்பார்த்து, பத்திரப்படுத்திவிட்டுத்தான் சிப்பில் கை வைக்க வேண்டும். அந்தச் சிப்பின் ஒரு மூலையில்தான் பூட்டின் சாவியும் இருக்கிறது. பாடம் அழுகினாலும் சாவி இருக்கிற மூலை பெரும்பாலும் அழுகுவதில்லை. பழைய பிரதியிலிருந்து அந்த மூலையைப் பெயர்த்துப் புதுசோடு சேர்த்து எழுதினால் மெஷினும் எழும், பூட்டும் திறக்கும். மூச்சுக்காரர் இதை எத்தனையோ தடவை செய்திருக்கிறார். ஜெராக்ஸ் கடைக்காரருக்கு வகுப்பே எடுத்திருக்கிறார்.

சனிக்கிழமை அவள் வரும்போது முந்தானையில் ஓரிடம் நனைந்திருந்தது. எதிர்வீட்டுக்காரியின் எச்சில் அன்று இலக்குத் தவறவில்லை என்று தெரிந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து வழக்கம்போல ஸ்க்ரூவை அடுக்கினாள்.

பகல் இரண்டு மணியிலிருந்து இரவு வரை பராமரிப்பு வேலைக்காக மின்சாரத்தை நிறுத்தப்போவதாக வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கட்டிடத்தைத் திறக்க மாட்டார்கள். சிப்பின் எட்டுக் காலையும் கவ்விப் பிடிக்கிற கிளிப்பை மாட்டி, பழையதைப் படித்தார். நாலு நிமிடம். மறுபடி படித்தார். நாலு நிமிடம். இரண்டும் ஒத்துப்போகவில்லை. கிளிப்பில் ஏதோ ஒரு கால் சரியாகத் தொடவில்லை என்று அர்த்தம். கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டி, மறுபடி இரண்டு தடவை படிக்க வேண்டும். மணி பன்னிரண்டே முக்கால்.

"இன்னிக்கு எழுந்துடுமா அண்ணா?"

மூன்று நாளில் அவள் அதை ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். அப்போது கேட்டாள். அவருக்கு இந்தப் பெண் இன்றைக்காவது ஒரு தடவை சிரித்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. பழைய பாடம்தான் அழுகிப் போயிற்றே, அழுகினதற்கு எதற்குப் பிரதி என்று அவருடைய புத்தி சொன்னது. இருபத்தாறு வருடத்துப் புத்தி! நேராகப் புதுசை எழுதினார். கால் தொட வேண்டுமே என்று கிளிப்பை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஒரு பிழை இல்லாமல் கச்சிதமாக எழுதி முடிந்தது. படிக்கும்போதும் அதே விரலால் அழுத்திப் பிடித்திருக்கலாம்.

"வாங்கம்மா, நீங்களே அழுத்துங்க."

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அழுத்தினாள். விளக்கு, ஃபேன், பிறகு கறுப்புத் திரையில் வெள்ளையாகக் கம்பெனிச் சின்னம். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது. போனை எடுத்து வெளியூரில் இருக்கிற தன் அண்ணனைக் கூப்பிட்டு, "எழுந்துடுச்சுண்ணா! எழுந்துடுச்சு! திங்கக்கிழமை அவங்க மூஞ்சியில விட்டெறியலாம்!" என்று கத்தினாள். ஜெராக்ஸ் கடைக்காரர்கூட எட்டிப் பார்த்து, "அப்புறம், மூச்சுக்காரர்னா சும்மாவா?" என்றார்.

திரை நீலமானது. நடுவில் நாற்பத்தெட்டு எண்களுக்கான கட்டம். அதற்குக் கீழே கோடு மின்னிக்கொண்டிருந்தது.

மூச்சுக்காரருக்கு என்ன செய்துவிட்டோம் என்பது ஒரு நொடியில் முழுசாகத் தெரிந்துவிட்டது. சாவி இருந்த மூலையின் மேல் தன் கையாலேயே வெறுமையை எழுதிவிட்டார்.

"இது பாஸ்வேர்டா அண்ணா? எனக்குத் தெரியும். எங்க கல்யாண தேதி. என்கிட்ட எதையும் மறைக்க மாட்டாரு." அவள் எட்டி வந்து தட்டினாள். எட்டு எண்ணுக்குப் பிறகு என்ன தட்டுவது என்று தெரியாமல் விரல் நின்றது. "இன்னும் கேக்குதே?"

"இருங்கம்மா, பாக்கறேன்."

ஒத்துப்போகாத அந்த இரண்டு பிரதிகள் இருந்தனவே, அவற்றைப் பிடித்துத் தொங்கினார். முதல் பிரதியில் சாவி மூலை இருந்த இடத்தைப் பெயர்த்துச் சேர்த்து எழுதினார். மெஷின் எழவில்லை. இரண்டாவதிலிருந்து எழுதினார். எழுந்தது, அதே நீலம், அதே கட்டம். இரண்டையும் வரி வரியாக வைத்து, எது சரியாக இருக்கலாம் என்று ஊகித்து ஒட்டுப்போட்டார். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. மூன்றாவது ஒட்டும் தோற்றுக்கொண்டிருக்கும்போது, சொன்ன சொல் தவறாமல் இரண்டு மணிக்கு மின்சாரம் போனது. படிக்கட்டுக்கு அடியில் பகலிலும் இருட்டுதான். மேலே யாரோ இறங்கிப் போனார்கள்.

"என்ன ஆச்சுண்ணா?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார் என்றுதான் நானும் நம்ப விரும்புகிறேன். ஆனால் வந்தது பழகின வார்த்தை. கொக்கி உடைந்தபோது வந்த அதே வார்த்தைதான், ஆளுக்குத் தகுந்தபடி கொஞ்சம் தைத்துக்கொண்டு வந்தது.

"அவரு தனியா இன்னொரு பூட்டு போட்டு வச்சிருக்காரும்மா. அதோட நம்பர் அவருக்கு மட்டும்தான் தெரியும்."

"எனக்குத் தெரியாமலா?"

"ஆபீஸ் விஷயம், வீட்ல எதுக்குன்னு நெனச்சிருப்பாரு." இதைச் சேர்த்திருக்கவே வேண்டியதில்லை. ஆனாலும் சேர்த்தார்.

இருட்டில் அவள் முகம் தெரியவில்லை. ஸ்க்ரூக்களைத் தாளோடு அவர் பக்கம் தள்ளினாள். அவர் போன் வெளிச்சத்தில் பதினொன்றையும் முடுக்கிக் கொடுத்தார். பையை வாங்கிக்கொண்டாள். இந்தத் தடவை வயிற்றோடு அணைத்துக்கொள்ளவில்லை, கையில் தொங்கவிட்டுக்கொண்டாள்.

"மூணு நாளா நீங்க பட்ட பாடு எனக்குத் தெரியும்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் தலைவலி என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எப்படியும் டிஸ்க் திறக்கப் போவதில்லை, யார் பூட்டினால் என்ன, விசாரணையில் இரண்டும் ஒன்றுதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை பத்து மணிக்குக் கடையில் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனவர், தட்டின் முன்னால் உட்கார்ந்தபடி மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அவள் பரிமாறுவதை நிறுத்தினாள். "அந்தம்மாகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"என் வேலையில ரத்த ட்யூப் மாறிப் போச்சுன்னா உடனே மாறிடுச்சுன்னு சொல்லிடணும். வெக்கத்தைப் பாத்துட்டு வாயை மூடிட்டிருந்தா, இல்லாத வியாதியை ஒருத்தங்க சுமந்துகிட்டுத் திரிவாங்க. பயத்துல சொல்லிட்டீங்க, சரி. ஆனா ரெண்டு நாளா எப்படிங்க சும்மா இருந்தீங்க?"

அவர் சாப்பிடவில்லை. கையைக் கழுவிவிட்டுக் கிளம்பினார்.

வரிசை வீடுகளில் ஏழாவது. கதவு திறந்திருந்தது. உள்ளே அவளும் இன்னொரு பெண்ணும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மற்றவளுக்கு அறுபது வயது இருக்கும். இவள் முழங்காலில் அவள் கை இருந்தது. நடுவில் இரண்டு டம்ளர் டீ. சுவரில் ஒரு ஆணி மட்டும் இருந்தது. மாட்டியிருந்த படம் கீழே, சுவரைப் பார்த்தபடி சாய்த்து வைத்திருந்தது.

"வாங்கண்ணா. இவங்க எதிர்வீட்டுப் பெரியம்மா" என்றாள். "இன்னிக்குத்தான் எங்க வீட்டுப் படி ஏறியிருக்காங்க."

துப்பினவள்! மூச்சுக்காரருக்கு வாசலிலேயே கால் நின்றுவிட்டது.

"ஏறாம?" என்றாள் பெரியம்மா. "விசாரணையில இவ சொன்னதை என் மூத்தவன் கேட்டுட்டு வந்து சொன்னான். எம்புள்ளையை மட்டுமா கொன்னான் படுபாவி, கட்டினவளையும் இல்ல ஏமாத்திட்டுப் போயிருக்கான். இத்தனை நாளா இவளும் கூட்டுன்னு நெனச்சிட்டேன். பாவம், இவளுக்கு ஒண்ணுமே தெரியல."

அவள் தலை குனிந்திருந்தாள். மறுக்கவில்லை.

"அம்மா, உங்ககிட்டத் தனியா ஒரு வார்த்தை" என்றார் அவர்.

"இவங்க இருக்கட்டும்ணா. இனிமே இந்த ஊர்ல எனக்கு யார் இருக்கா? சொல்லுங்க."

சொன்னார். நின்றுகொண்டே சொன்னார். பூட்டு அவளுடைய கணவர் போட்டதில்லை, மெஷின் தானாகப் போட்டுக்கொண்டது. சாவி சிப்பில் இருந்தது. பிரதி எடுக்காமல் அதை அழித்தது தான். பயந்துபோய், செத்தவர் மேல் பழியைப் போட்டதும் தான். "அவரு உங்ககிட்ட எதையும் மறைக்கலம்மா. நான்தான் பொய் சொன்னேன்."

முதலில் அசைந்தது பெரியம்மாதான். முழங்காலிலிருந்து கையை எடுத்தாள்.

"யாருடி இந்த ஆளு? எங்கேருந்து பிடிச்சிட்டு வந்தே?"

"பெரியம்மா, நான் கூப்பிடல..."

"காலையில ஒரு பேச்சு, மத்தியானம் ஒரு பேச்சா? புருஷன் பேரைக் காப்பாத்த ஆள் பிடிச்சு வசனம் சொல்லிக் குடுத்திருக்கே. என் வயித்தெரிச்சலை வச்சு விளையாடறியா?" எழுந்தாள். எழும்போது டம்ளர் சாய்ந்து டீ தரையில் ஓடியது. மூச்சுக்காரர் குறுக்கே போய், "சத்தியமா நான் சொல்றது உண்மைம்மா" என்றார். அவள் அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். வாசலில் இறங்கி, திரும்பி, காறித் துப்பிவிட்டுப் போனாள். எதிர்வீட்டுக் கதவு அறைந்து சாத்தப்பட்டது.

அவள் டீயைத் துடைக்கவில்லை. எழுந்து அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து அவரிடம் நீட்டினாள். வாக்குமூலத்தின் நகல்.

"படிங்க. வாய்விட்டுப் படிங்க."

படித்தார். "என் கணவர் தமது கணினியில் உள்ளவற்றை என்னிடமிருந்தும் மறைத்துப் பூட்டி வைத்திருந்தார். கடிதங்கள் எழுதியதாக அவர் வாய்மொழியாகச் சொன்னதைத் தவிர நான் எதையும் பார்த்ததில்லை. அவர் சொன்னது உண்மையா என்று எனக்குத் தெரியாது." கீழே அவள் கையெழுத்து, ஓர் எழுத்தும் கோணாமல்.

"முதல் வரி நீங்க சொன்னதுண்ணா" என்றாள். "கடைசி வரி நான் சொன்னது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தல. என்னவோ, அப்ப அப்படித்தான் தோணுச்சு."

"நாளைக்கே போய் எழுதிக் குடுக்கறேன்மா. நான்தான் அழிச்சேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கறேன். எத்தனை தடவை கூப்பிட்டாலும் வந்து சொல்றேன்."

"குடுங்க. அவங்க தாளை அவங்க திருத்தினாலும் திருத்துவாங்க." அவள் குனிந்து, சுவரோரம் சாய்ந்திருந்த படத்தை எடுத்தாள். திருப்பிப் பார்க்கவில்லை, கையில் அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். "ஆறு வாரமா இந்த ஊர்ல அவரை நம்பினது நான் ஒருத்திதாண்ணா. சனிக்கிழமையிலேர்ந்து நானும் நம்பல. அதை யாருகிட்டப் போயி நான் திருத்தறது?"